சென்னாவா, புரோஸ்டா? 1988-க்கு என் தேர்வு

1988 ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஓட்டுநர்கள் சென்னா, புரோஸ்ட் இருவருக்கும் ஒரே மெக்லாரன் அணியின் கார், ஒரே ஹோண்டா இன்ஜின். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15 அந்த அணிக்கே. அதனால் "எல்லாம் கார்தான்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

வேகம் என்றால் சென்னாதான். 13 முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டார். மொனாக்கோ தகுதிச்சுற்றில் புரோஸ்டைவிட 1.4 வினாடி வேகம். அந்தக் குறுகலான தெருக்களில் அது மலைக்கவைக்கும் இடைவெளி! ஆனால் பந்தயத்தில் வெகுதூரம் முன்னால் இருந்தபோதே தடுப்பில் மோதினார். வென்றவர் புரோஸ்ட்.

வெற்றிகள் சென்னாவுக்கு 8, புரோஸ்டுக்கு 7. மொத்தப் புள்ளிகளிலோ புரோஸ்ட் 105, சென்னா 94. சிறந்த 11 முடிவுகளை மட்டும் கணக்கிடும் அன்றைய விதிப்படி 90-87 என்று பட்டம் சென்னாவுக்குப் போனது. விதி முன்பே தெரிந்ததுதான், பட்டத்தில் குறையில்லை. ஆனாலும் என் ஓட்டு, முடித்த 14 பந்தயங்களிலும் இரண்டாமிடத்துக்குக் கீழே இறங்காத புரோஸ்டுக்கே.