‘14ஆம் நூற்றாண்டுக் காதல் பெட்டி’ என்று 1,850 யூரோவைச் சுருட்டிய கடை: உஷார்

மரப்பொருள் சீரமைப்பவரைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். வார்த்தை முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஜெர்மனியின் தென்மேற்கில், ரைன் ஆற்றோரம் ஒரு பழம்பொருள் கடை. பெயர் போடவில்லை. அங்கே ஒரு ‘மின்னெகெஸ்ட்ஷென்’ விற்பனைக்கு இருந்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ரைன் ஆற்றின் மேல்பகுதியிலும் சுவிட்சர்லாந்துப் பக்கமும் செய்த சின்ன மரப்பெட்டிகள் இவை. காதலர், விலங்குகள், அம்பு விடும் காதல் தேவி என்றெல்லாம் செதுக்கியிருப்பார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1325–50 காலத்து ஓக் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான்.

கடைக்காரர் பெரியவர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் பெட்டியைத் தொட்டார். டார்ச் அடித்துப் பூச்சி அரித்த துளைகளைக் காட்டினார். “பாருங்கள், அறுநூறு வருஷ மரம்” என்றார். அருங்காட்சியகம் கேட்கிற விலைக்கு விற்க மனமில்லை, ஆசைப்படுகிறவர் கையில் போகட்டும் என்றார். நான் பர்ஸை எடுத்தபோது, “இன்று வேண்டாம், வீட்டுக்குப் போய் யோசித்து வாருங்கள்” என்று தடுத்தார் பாருங்கள், அங்கேதான் என்னைக் கவிழ்த்தார்! விற்கத் துடிக்கிறவன் அப்படிச் சொல்வானா? மறுநாளே 1,850 யூரோ கொடுத்தேன்.

சீரமைப்பவர் முதலில் பார்த்தது மூடியில் இருந்த பெண்ணின் முகத்தை. கன்னத்தின் குறுக்கே திறந்த வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். பூச்சி மரத்துக்குள்ளேதான் சுரங்கம் போடும், வெளியே வரும்போது சின்ன வட்டத் துளைதான் தெரியும். செதுக்கிய முகத்தில் சுரங்கமே பாதியாக வெட்டுப்பட்டுத் தெரிகிறதென்றால், ஏற்கெனவே அரித்த பழைய மரத்தில் பின்னால் உளி வைத்திருக்கிறார்கள். அப்புறம் கீலைக் கழற்றினார். உள்ளே கூர்முனை ஸ்க்ரூ, அதுவும் இயந்திரத்தில் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பரவிய சாமான் அது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் இடைக்கால மோகம் தலைக்கேறி, இந்த மாதிரிப் போலிகள் நிறைய வந்தனவாம். 1928இல் கோல்ஹாவுசன் என்ற கலை வரலாற்றாளர் தொகுத்த பட்டியலிலேயே பல பெட்டிகள் சந்தேகத்துக்குரியவை என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். “ஒவ்வொருவர் ஒன்று சொல்வார்கள்.” மறுபடி செய்தேன். “ரசீதைப் பாருங்கள்.” பார்த்தேன்: ‘செதுக்கிய மரப்பெட்டி, பழையது’, அவ்வளவுதான்! நூற்றாண்டு இல்லை, ஊர் இல்லை. அடுத்த முறை உதவியாளர் பெண் எடுத்து, முதலாளி விடுமுறையில் இருக்கிறார் என்றார். பின்னால் அதே மனிதர் இருமுவது கேட்கிறது. 1,850 யூரோ! ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சேர்த்த பணம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. காலமும் இடமும் ரசீதில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். கீல், பூட்டு, அடிப்பலகை மூன்றையும் பாருங்கள். வளைவு வளைவாக ரம்பத் தடம் இருந்தால் வட்ட ரம்பம், இடைக்காலம் கிடையாது. துளையைக் காட்டி வயது சொன்னால் நம்பாதீர்கள்.

ரசீதில் காலம் எழுதாமலே பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள். நாளை வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.