ரிச்சி தெருவில் ஒரு மடிக்கணினிப் பழுதுக் கடை

பத்து ஆண்டுகள் உழைத்த என் மடிக்கணினி, காணொளி ஓடும்போதெல்லாம் திடீரென அணையத் தொடங்கியதால், சென்னை ரிச்சி தெருவில் மாடியில் இருக்கும் ஒரு சிறிய கடைக்கு எடுத்துச் சென்றேன். வேறோர் இடத்தில் மதர்போர்டையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். இங்கிருந்தவரோ பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் இயக்கிப் பார்த்து, அப்போதும் அணைந்ததால் பேட்டரியில் குறையில்லை என்றார். அடுத்து, வெப்பநிலை காட்டும் மென்பொருளை ஓடவிட்டார். 98 டிகிரியைத் தொட்ட சில நொடிகளில் திரை இருண்டது. பிராசஸர் கருகாமல் தன்னைக் காத்துக்கொள்ளவே இப்படி அணைகிறது என்று அவர் பொறுமையாக விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடிமூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டுபோல் தூசி அடைந்திருந்தது. பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும் பசையான தெர்மல் பேஸ்டோ சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்ந்தது. சுத்தம் செய்து புதிய பேஸ்ட் தடவ 600 ரூபாய்தான் வாங்கினார். நிற்க இடமில்லாத கடை. ரசீதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். அதே காணொளி இப்போது 70 டிகிரியைத் தாண்டாமல் ஓடுகிறது.