கைக்குழந்தையோடு இரண்டு ராத்திரி: மாமல்லபுரமா, புதுச்சேரியா, ஏற்காடா?

சென்னையில் வீடு, ஒன்றரை அல்லது இரண்டு வயதில் ஒரு குழந்தை, வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். இந்தக் கணக்கோடு யாரிடம் யோசனை கேட்டாலும் மூன்று ஊர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்: மாமல்லபுரம், புதுச்சேரி, ஏற்காடு. ஊட்டி, கொடைக்கானல் என்றும் சிலர் சொல்வார்கள். அவற்றை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விட்டால் மிஞ்சுவது ஒரே ஒரு நாள். போதாக்குறைக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். நாலைந்து நாள் லீவு சேர்ந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று ஊர்களை ஒப்பிடும்போது "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, மதியத் தூக்கம் எங்கே, எப்படி நடக்கும்? அடுத்தது, தங்கும் அறைக்கும் குழந்தை ஓடியாடும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் எந்த ஊராக இருந்தாலும் அம்மா அப்பாவுக்கும் ஓய்வு கிடைக்கும். அமையவில்லை என்றால் சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தை வீறிட்டு அழும், பெரியவர்களுக்குள் சண்டை வரும், ஊரின் அழகு யார் கண்ணிலும் படாது.

போகிற வழி

மாமல்லபுரம் சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள்தான். இங்கே தூரத்தைவிட முக்கியம், கிளம்பும் நேரம். விடியற்காலையில் குழந்தையை எழுப்பிக் கிளப்ப வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலேயே பருப்புச் சாதம் ஊட்டி, பன்னிரண்டரை மணிக்கு வண்டியில் உட்கார வைத்தால் திருவான்மியூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடும். போய்ச் சேரும்போது மணி இரண்டாகும், அறையும் தயாராக இருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பல ஓட்டல்களில் மதியம் பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோதான் சாவி தருவார்கள். காலை ஒன்பதுக்கே போய் நின்றால், வரவேற்பறைச் சோபாவில் தூக்கக் கலக்கத்தோடு சிணுங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டியதுதான். சனி ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலை கோவளம்வரை நெருக்கியடிக்கும். அந்த நாட்களில் பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் பூஞ்சேரிக்குப் போய்விடுவது நல்லது.

புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். அதே மதியத் தூக்க உத்தி இங்கேயும் பாதிக்கு உதவும். தூக்கம் மரக்காணம் பக்கம் கலையும். உப்பளங்களைக் காட்டி, ஒரு கடையில் நிறுத்தி இளநீர் குடித்து, கொஞ்சம் நடக்கவிட்டால் மிச்ச வழியைச் சமாளிக்கலாம்.

ஏற்காட்டுக்குக் காரில் போகவே வேண்டாம் என்பேன். சேலம்வரை சுமார் 340 கிலோமீட்டர், அதற்கப்புறம் மலை. ஒன்றரை வயதுக் குழந்தையை அத்தனை நேரம் இருக்கையில் கட்டிப்போடுவது பாவம். ரயில்தான் சரி. காலையில் சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக ஓடிச் சேலத்தில் இறக்கிவிடும். ரயிலில் குழந்தை நடக்கும், பக்கத்து சீட்டுப் பாட்டியிடம் போய் நிற்கும், ஜன்னலில் மாடு பார்க்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டும் வேண்டாம். சேலத்தில் டாக்ஸி பிடித்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மேலே போய்விடலாம். அறையில் சாப்பாடு, அப்புறம் தூக்கம். தூரத்து ஊராக இருந்தாலும் இந்த ஒரு கணக்கில் ஏற்காடு புதுச்சேரியைத் தோற்கடித்துவிடுகிறது.

ஆனால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை மறக்கக் கூடாது. பொதுவாக இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அதிகம் வருவதில்லை, அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். மலையேறுவதற்கு முன் வயிறு முட்ட ஊட்டாமல் அரை வயிற்றுக்குக் கொடுங்கள். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இறங்கும்போது காது அடைக்கும். பாலோ தண்ணீரோ வாய் வாயாகக் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை உட்கார்ந்து போவதை இன்னும் தினமும் பார்க்கிறோம். சடன் பிரேக் போட்டால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் கை தாங்காது. குழந்தைக்கான இருக்கையைப் பின்சீட்டில் மாட்டுங்கள். 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

குழந்தைக்கு அங்கே என்ன இருக்கிறது

இதில் மாமல்லபுரத்தோடு மற்ற இரண்டும் போட்டிபோட முடியாது. அதை வெறும் வரலாற்றுச் சின்னமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, பல்லவர் காலம் என்று பள்ளிக்கூடப் பாடமாகவே மனசில் நிற்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் உயரத்தில் குனிந்து பார்த்தால் அந்த ஊர் முழுக்க மிருகங்கள். ஐந்து ரதங்களுக்குள் நகுல சகதேவ ரதத்துக்குப் பக்கத்திலேயே ஒரே கல்லில் செதுக்கிய ஆளுயர யானை நிற்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சிங்கம், ஒரு நந்தி. அர்ச்சுனன் தபசில் பெரிய யானையின் காலடியில் குட்டி யானைகள். கீழே ஒரு பூனை முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தவம் செய்ய, அதைச் சுற்றி எலிகள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிறார்கள், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. யானை, பூனை, மாடு, கன்று என்று அப்போதுதான் வாயில் வார்த்தை வர ஆரம்பித்திருக்கும் குழந்தைக்கு அங்கே தெரியாததே இல்லை. எங்கள் மகள் கல் யானையின் தும்பிக்கைக்கு நேராக நின்று, கீழே கிடந்த ஒரு வேப்பிலையைப் பொறுக்கி "இந்தா, இந்தா" என்று நீட்டிக்கொண்டே இருந்தாள். யானை வாங்காததைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அன்றைக்கு ஒரே டிக்கெட் போதும். 15 வயதுக்குள் கட்டணம் கிடையாது. காலை ஆறரை ஏழுக்குப் போய் எட்டரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் சுடும், செருப்பைக் கழற்றி எறியும் குழந்தைக்குப் பாதம் கொப்பளித்துவிடும். இரண்டையும் ஒரே காலையில் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம்.

வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் வழியில் எல்லாரும் சொல்வார்கள். 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய இடம், நிழல் உண்டு, பெரியவர்களுக்கு அருமையான இடம். குழந்தைக்கோ அசையாமல் கிடக்கும் முதலை ஒரு கல்தான். ஆமைகளைக் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

புதுச்சேரியில் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய வரம் கடற்கரைச் சாலை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரைவரை அங்கே வண்டிகள் கிடையாது. வண்டி வந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய தெரு நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது? காந்தி சிலை பக்கம் பலூன், சோப்பு நுரை, ஓடிப் பிடிக்க மற்ற குழந்தைகள். கூப்பிடு தூரத்தில் பாரதி பூங்கா. ஆனால் சாலையோரம் கடல் பக்கத்தில் குவிந்திருப்பது பெரிய பாறைகள். அவற்றின் இடுக்கில் கால் மாட்டும். அந்தப் பக்கம் மட்டும் ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும்.

மற்றபடி புதுச்சேரியின் பெயர்பெற்ற இடங்கள் பலவும் பெரியவர்களுக்கானவை. அரவிந்தர் ஆசிரமத்தில் மூன்று வயதுக்குக் கீழே அனுமதியில்லை. ஆரோவில் மாத்ரி மந்திரின் உள்ளே பத்து வயதுக்குக் கீழே விடுவதில்லை. அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை என்று மாறி மாறிப் போய்வரலாம். மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கிளம்பும்போது "யானை பார்க்கலாம் வா" என்று யாராவது ஆசை காட்டிவிடுவார்கள். யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. குழந்தையிடம் சொல்லிவைத்துவிட்டு அங்கே போய் விழிக்க வேண்டாம்.

ஏற்காட்டில் குழந்தைக்கென்று பார்க்க அதிகமில்லை. ஏரி, படகு, அதையொட்டி அண்ணா பூங்கா, அவ்வளவுதான். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்கள். குழந்தை கம்பியில் ஏறத்தான் பார்க்கும், காட்சியைப் பார்க்காது. கிளியூர் அருவிக்கு இறங்கும் வழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியே அல்ல. குரங்குகள் இருக்கின்றன, குழந்தையின் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து வெளியே விடாதீர்கள். ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே, அறை வாசலிலேயே புல்தரை இருக்கும் ஒரு விடுதி கிடைத்துவிட்டால் வெளியே போகவே வேண்டாம். பகல் முழுக்கக் குழந்தை அங்கேயே விளையாடும், நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆக, ஏற்காடு என்றால் விடுதிதான் எல்லாம்.

கடல், சாப்பாடு, டாக்டர்

மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் கடல் குளிக்க ஏற்றதல்ல. அலை இழுக்கும். ஈர மணலில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கரண்டியும் கொடுத்து உட்கார வைத்தால் குழந்தைக்கு அதுவே போதும். சுண்ணாம்பாற்றில் படகேறிப் பாரடைஸ் கடற்கரைக்குப் போவதானால், குழந்தையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரியவர்களுடையதைச் சுற்றிக் கட்டுவது பாதுகாப்பல்ல.

சாப்பாட்டில் மூன்றுமே தேறிவிடும். இட்லி, இடியாப்பம், தயிர்ச்சாதம் எங்கும் கிடைக்கும். புதுச்சேரியில் பேக்கரிகள் கூடுதல் சௌகரியம். ஏற்காட்டில் ராத்திரி சீக்கிரம் அடங்கிவிடும், ஏழு மணிக்குள் குழந்தைக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள். மூன்றுக்கும் மின்சாரக் கெட்டில், வீட்டு அரிசிக் கஞ்சி மாவு, ஓஆர்எஸ் பாக்கெட், காய்ச்சல் மருந்து கையில் இருக்கட்டும்.

டாக்டர் விஷயத்தில் புதுச்சேரிதான் முதலிடம், ஜிப்மரே அங்கே இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 30 கிலோமீட்டர் அளவில். சென்னைக்கே திரும்பினாலும் பெரிய தூரமில்லை. ஏற்காட்டில் பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ராத்திரியில் சேலத்துக்கு மலையிறங்க வேண்டும். அடிக்கடி வீசிங் வரும் குழந்தை, காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தை என்றால் நான் ஏற்காட்டைத் தள்ளிப்போடுவேன். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

எப்போது எது

ஜனவரி, பிப்ரவரி இரண்டும் கடலோரத்துக்கு அருமையான மாதங்கள். காணும் பொங்கலன்று மட்டும் மாமல்லபுரம் பக்கம் தலைவைக்காதீர்கள், கூட்டத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டும். ஏப்ரல், மே புழுக்கத்தில் ஏற்காடு இதமாக இருக்கும். ஆனால் மே மாதம் கோடை விழா நேரத்தில் கூட்டம் ஏறும், வளைவுகளில் வண்டிகள் நின்றுவிடும். ஏப்ரலிலேயே போய்வருவது மேல். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர்வரை மூன்று ஊரிலும் மழை, முன்பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையோடு முதல் முறை என்றால் என் ஓட்டு மாமல்லபுரத்துக்கு. ஏதாவது சரிப்படவில்லையா, ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த தைரியம் இருப்பதாலேயே மனசு லேசாக இருக்கும். தாத்தா பாட்டியும் கூட வந்தால் புதுச்சேரி. அவர்களுக்குக் கோயில், நடைப்பயிற்சி, காலையில் காப்பி எல்லாம் கிடைக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாலு கை இருப்பதால் அம்மா அப்பா மட்டும் ஒரு சாயங்காலம் தனியாக நடந்துவரலாம். மூன்று ஊர்களிலும் அதற்கு வசதியான ஊர் அதுதான். குழந்தைக்கு இரண்டரை ஆகி, நன்றாக ஓட ஆரம்பித்து, நோய்நொடி இல்லாமல் இருந்தால் ஏற்காடு.

ஊர் எதுவானாலும் அறை போடுவதற்கு முன் விடுதிக்கே போன் செய்து பேசுங்கள். தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? மாடி என்றால் பால்கனிக் கம்பிகளுக்கு இடைவெளி எவ்வளவு? நீச்சல் குளத்துக்கு வேலியும் பூட்டும் உண்டா? கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத் தருவார்களா, இல்லை தரையில் கூடுதல் மெத்தை விரிப்பார்களா? குளியலறையில் வாளியும் குவளையும் இருக்குமா, வெறும் ஷவர் மட்டுமா? ஷவருக்குப் பயந்து அலறும் குழந்தைகள் நிறைய. ராத்திரி பத்து மணிக்குப் பால் காய்ச்சித் தர யாராவது இருப்பார்களா? இதற்கெல்லாம் எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாகப் பதில் சொன்னால் அங்கேயே அறை போட்டுவிடலாம். அவசரமாக "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்று முடித்துவிட்டால் அடுத்த விடுதிக்கு போன் போடுங்கள்.