பிஎச்பி மொழியின் சரச் செயற்கூறுகள்: தமிழில் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து ஒரு மதிப்புரை

தமிழ்க் கட்டுரைகளை வெளியிடும் இணையதளம் ஒன்றுக்குச் சில ஆண்டுகளாக நிரல் எழுதி வருகிறேன். அதன் பின்னணி நிரல் முழுவதும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் அமைந்தது. தலைப்பைச் சுருக்குவது, சொல்லைத் தேடுவது, ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது என அன்றாட வேலையில் பெரும்பகுதி எழுத்துச் சரங்களோடுதான், அதாவது நிரலுக்குள் வரும் உரைத் துண்டுகளோடுதான் நடக்கிறது. ஆகவே இந்த மொழி சரங்களுக்காகத் தரும் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறேன்.

1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட நாள் முதல் வலைப்பக்கத்துக்குள் உரையைக் கோத்து அனுப்புவதே பிஎச்பியின் தொழில். அந்தப் பழக்கம் கையில் எடுத்தவுடன் தெரிகிறது. இரட்டை மேற்கோளுக்குள் மாறியின் பெயரை எழுதினால் அதன் மதிப்பு அங்கே வந்து அமர்கிறது. இரண்டு சரங்களை ஒட்ட ஒரு புள்ளி போதும். காற்புள்ளியிட்ட பட்டியலைப் பிரிக்க எக்ஸ்ப்ளோட், மறுபடி சேர்க்க இம்ப்ளோட். முன்பெல்லாம் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டர்போஸ் என்ற செயற்கூறைத்தான் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்துண்டு) நம்பியிருந்தோம்; சொல் இருக்கும் இடத்தை அது 0 முதல் எண்ணிச் சொல்வதால், தேடிய சொல் சரத்தின் தொடக்கத்திலேயே இருந்தால் அது 0 என்று விடை தரும், நிபந்தனை வரியோ அந்தச் சுழியத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்பு ஸ்டர்-கன்டெயின்ஸ் என்ற செயற்கூறைத் தந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் ஸ்டர்போஸுக்கு உரையை முதலிலும் ஸ்டர்-ரீப்ளேஸுக்கு உரையைக் கடைசியிலும் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கின்மை இன்றும் அப்படியே இருக்கிறது.

தமிழுக்கு வரும்போது நிலைமை வேறு. பிஎச்பியின் சரம் என்பது பைட்டுகளின், அதாவது கணினி தரவைச் சேமிக்கும் சிறு அலகுகளின், வரிசை மட்டுமே. அந்தப் பைட்டுகள் எந்த எழுத்தைக் குறிக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் இருப்பதால், பைட்டுகளை எண்ணும் ஸ்டர்லென் அதன் நீளத்தை 15 என்று சொல்கிறது. குறிகளை எண்ணும் எம்பி-ஸ்டர்லென் 5 என்கிறது. பள்ளிப் பிள்ளை எண்ணுவது போல 3 என்று சொல்வது கிராஃபீம்-ஸ்டர்லென் ஒன்றுதான்.

இந்த வேறுபாட்டை நான் பிழையின் வழியாகத்தான் கற்றேன். முகப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டுரையின் முன்னோட்டத்தையும் சப்ஸ்டர் கொண்டு 100 பைட்டில் வெட்டியிருந்தேன். தமிழ்க் குறிக்கு 3 பைட், இடைவெளிக்கு 1 பைட் என்பதால், வெட்டு எங்கே விழும் என்பது அந்த வரியில் எத்தனை இடைவெளிகள் உள்ளன என்பதைப் பொறுத்தது. சில முன்னோட்டங்கள் தற்செயலாகத் தப்பின. மற்றவை குறியின் நடுவே அறுபட்டன. அறுபட்டதை, வலைப்பக்கத்தில் காட்டும் முன் சிறப்புக் குறிகளை மாற்றித் தரும் எச்டிஎம்எல்-ஸ்பெஷல்-சார்ஸ் வழியாக அனுப்பியபோது, செல்லாத பைட்டைக் கண்ட அது முழுச் சரத்துக்கும் பதிலாக வெற்றுச் சரத்தைத் திருப்பித் தந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் பாதிக்கு மேற்பட்ட முன்னோட்டங்கள் மறைந்துபோயின. 8.1 பதிப்பிலிருந்து அந்தச் செயற்கூறு முழுவதையும் விழுங்காமல், செல்லாத இடத்தில் மட்டும் ஒரு மாற்றுக்குறியை வைக்கிறது. இதை நல்ல மாற்றமாகவே கருதுகிறேன்.

பைட்டுக்குப் பதிலாகக் குறிகளை எண்ணி வெட்டும் எம்பி-சப்ஸ்டருக்கு மாறினால் போதும் என்றுதான் பலரும் அறிவுரை சொல்கிறார்கள். தமிழுக்கு அது போதாது. 'தமிழ்' என்பதில் முதல் 4 குறிகளைக் கேட்டால் அது புள்ளியை உதிர்த்துவிட்டு 'தமிழ' என்று தருகிறது. திரையில் எந்த உடைசலும் தெரியாததால் இப்பிழை கண்ணில் படாமலே அச்சேறிவிடும். இன்டில் நீட்சியில் (பல மொழிகளைக் கையாள பிஎச்பியோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) உள்ள கிராஃபீம்-சப்ஸ்டர்தான் உயிர்மெய்யைப் பிரிக்காமல் வெட்டுகிறது. 2024 நவம்பரில் வந்த 8.4 பதிப்பில் சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் கிராஃபீம்-ஸ்டர்-ஸ்பிளிட் சேர்ந்திருப்பதால், சொல் விளையாட்டு எழுதுவோருக்கு வேலை எளிதாகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு: 'க்ஷ' என்பதை அது இரண்டாகவே எண்ணும்.

தேடலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. சேமிக்கும் முன் நார்மலைசர் வகுப்பின் வழியாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகின்றன. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டியிருந்தால் மட்டும் அதனால் உதவ முடியாது.

அகரவரிசையில்தான் இன்டில் நீட்சியின் அருமை முழுமையாகத் தெரிகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளதால், சாதாரண சார்ட் செயற்கூறு மனம், மயில், மரம், மலர், மழை என்று அடுக்கும். கொலேட்டர் வகுப்புக்குத் தமிழ் என்று சொல்லிவிட்டால் மயில், மரம், மலர், மழை, மனம் என்று நம் நெடுங்கணக்கின்படி நிறுத்துகிறது. ஆசிரியர் பட்டியல் முதன்முறையாக ஒழுங்காக வந்த நாளில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இத்தனை நல்ல கருவிகளும் இயல்பாகவே இயங்காமல், தனியாக நிறுவ வேண்டிய நீட்சியில் இருப்பதே என் முதன்மையான குறை. சரங்களை முழுக்க யூனிகோடாக மாற்றும் நோக்கத்தோடு தொடங்கிய 6-ஆம் பதிப்பு 2010-இல் கைவிடப்பட்டு, 2015 டிசம்பரில் நேரடியாக 7.0 வந்தது. அன்று விட்டுப்போன வேலையை இன்று நீட்சிகள் சுமக்கின்றன. நாங்கள் முன்பு வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் இன்டில் இல்லை, கேட்டும் சேர்த்துத் தரவில்லை. உரை வடிவங்களைத் தேட உதவும் ரெகெக்ஸில் யு அடையாளத்துடன் பின்சாய்கோட்டையும் பெரிய எக்ஸையும் எழுதி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சமாளித்தோம். இந்தக் குறை இருந்தாலும், தமிழ்த் தளம் தொடங்குவோர் பிஎச்பியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் சர்வருக்குப் பணம் கட்டும் முன் அங்குள்ள நீட்சிகளைப் பட்டியலிடும் பிஎச்பி-இன்ஃபோ பக்கத்தைக் காட்டச் சொல்லி, அதில் எம்பிஸ்டிரிங் (எம்பி- என்று தொடங்கும் செயற்கூறுகளைத் தரும் நீட்சி), இன்டில் ஆகிய இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.