சங்கச் சந்தா: கட்டாயமா, விருப்பமா? மிச்சிகனில் இரண்டையும் பார்த்த ஒரு நர்ஸின் அலசல்

ஊரிலிருந்து நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அக்கா, யூனியன் படிவம்னு ஒண்ணு குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?” இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. எந்த மாநிலம், அரசு வேலையா தனியார் வேலையா என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

மிச்சிகனில் இருக்கும் எங்களுக்கு இரண்டு முறைகளையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆளுநர் ரிக் ஸ்னைடர் 2012 டிசம்பரில் கையெழுத்திட்ட ‘ரைட் டு ஒர்க்’ சட்டம் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சங்கத்துக்குப் பணம் கட்டாததற்காக யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். பிறகு சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்ததும், 2023-இல் ஆளுநர் கிரெட்சன் விட்மர் அதை ரத்து செய்தார். ரத்து 2024 பிப்ரவரி 13 முதல் அமலானது. சந்தா விருப்பமாக இருந்தபோதும் நான் உறுப்பினர், இப்போதும் உறுப்பினர். இரண்டில் எது மேல் என்று கேட்டால், விருப்பச் சந்தாதான் என்பேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் சேர்ந்தவனுக்குத்தான் வேலை என்ற பழைய முறையை 1947-இலேயே டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்துவிட்டது. இன்று ‘கட்டாயம்’ என்றால், வேலைக்குச் சேர்ந்து 30 நாள் கழித்து ஒரு தொகை கட்டியாக வேண்டும், அவ்வளவுதான். உறுப்பினராகச் சேர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு, பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்தை நடத்துவதற்கும் ஆகும் பங்கை மட்டும் கட்டலாம். அரசியல் செலவுக்குப் பணம் தர மறுக்கும் இந்த உரிமையை 1988-இல் பெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், இந்தத் தொகையைக்கூடக் கேட்கக் கூடாது என்று தடை போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா உட்பட 26 மாநிலங்களில் அந்தத் தடை இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. 2018-இல் ஜேனஸ் வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு நாடு முழுக்க அவர்களுக்கு எல்லாமே விருப்பம்தான். ஆகவே நான் பேசுவது தனியார் துறையைப் பற்றி. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் அதில்தான் வருகின்றன.

எந்த முறையில் சம்பளம் அதிகம் என்ற வழக்கமான சண்டைக்குள் நான் போகவில்லை. சங்கம் வலுவாக இருக்கும் மாநிலங்களில் சம்பளம் கூடுதல், வாடகையும் கூடுதல். இரு தரப்பும் தங்களுக்குத் தோதான கணக்கைக் காட்டுவார்கள். நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து. சங்கம் தன் உறுப்பினரைத் தேடி வருகிறதா, இல்லையா?

விருப்பச் சந்தா இருந்த ஆண்டுகளில் எங்கள் வார்டின் சங்கப் பிரதிநிதி, ஷிஃப்ட் மாறும் காலை வேளையில் பிரேக் ரூமுக்கு வந்து உட்காருவார். இரவு டூட்டி முடித்தவர்கள் பையை எடுக்க வரும்போது, “நேத்து ஆளுக்கு எத்தனை நோயாளி?” என்று கேட்பார். அளவுக்கு மீறிக் கொடுத்திருந்தால், ‘ஆட்சேபத்தோடு இந்த டூட்டியை ஏற்கிறேன்’ என்று எழுதிக்கொடுக்கும் படிவத்தை அங்கேயே நிரப்ப வைப்பார். நோயாளிக்கு ஏதாவது நடந்து பழி நர்ஸ் தலையில் விழும்போது, அந்தத் தாள்தான் நம் பக்கம் நிற்கும். படிவத்தை வாங்கிக்கொண்டு, இன்னும் சேராதவர்களிடம் சேரச் சொல்லிக் கேட்பார். சிலர் சேருவார்கள், சிலர் மாட்டார்கள். புதிய ஒப்பந்தத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்பதையும் அந்த அறையில்தான் பேசினோம். வேறு வார்டுக்கு ஆள் அனுப்புவதாக இருந்தால், அந்த வார்டில் ஏற்கெனவே பழக்கியிருக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்படி வந்ததுதான்.

கட்டாயம் திரும்பி வந்த பிறகு சங்கத்தில் சேரும் படிவம் புதியவர்களுக்குக் கொடுக்கும் தாள்கட்டில் ஒன்றாகிவிட்டது. கையெழுத்துப் போடுகிறார்கள், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பிரேக் ரூமுக்கு வருவது குறைந்து, மின்னஞ்சல் வருவது கூடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பழைய பிரதிநிதி ஓய்வு பெற்றுவிட்டார், கோவிட் காலத்துக்குப் பிறகு எல்லோரிடமும் ஒரு அலுப்பு இருக்கிறது. நான் பார்த்தது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ஆனாலும் கேட்டு வாங்க வேண்டிய பணத்துக்கும் தானாக வந்து சேரும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு, வாங்குபவரின் நடையிலேயே தெரிகிறது.

இதற்குப் பெரிய சான்று லாஸ் வேகஸ். நெவாடா 1950களின் தொடக்கத்திலிருந்தே ரைட் டு ஒர்க் மாநிலம். அங்கே ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் ஆகியோரின் கலினரி சங்கம் 226-இல் சுமார் 60,000 பேர் இருக்கிறார்கள். யாரும் கட்ட வேண்டியதில்லை, கட்டுகிறார்கள். பெண்களும் குடியேறி வந்தவர்களும் அதில் நிறையப் பேர். ஒவ்வொரு ஹோட்டலிலும் தளம் தளமாக ஆள் வைத்துப் பேசிச் சேர்த்ததால் வந்த பலம் அது.

விருப்பச் சந்தா எல்லா நோயையும் குணப்படுத்தும் என்றும் சொல்ல வரவில்லை. டெட்ராய்டில் தலைமையகம் உள்ள கார்த் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர், சங்கப் பணத்தைக் கையாடிய வழக்கில் 2021-இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். மிச்சிகனில் ரைட் டு ஒர்க் இருந்த ஆண்டுகளிலும் அந்தக் கையாடல் நடந்தது. நிலைமையை மாற்றியது உறுப்பினர்களின் வாக்கு. தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாக்கெடுப்பில் பெற்று, 2023-இல் ஷான் ஃபெய்னைக் கொண்டுவந்தார்கள்.

இனி எதிர்த் தரப்பு. அவர்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. எல்லோரும் அங்கேதான் தடுக்கி விழுவார்கள், நானும் பல நாள் அதில் சிக்கிக் கிடந்தேன். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்தவர்களுக்கு எளிதில் புரியும். பராமரிப்புப் பணம் கட்டாத வீட்டுக்காரரும் அதே லிஃப்டில்தான் ஏறுகிறார், அதே மோட்டார் ஏற்றும் தண்ணீரில்தான் குளிக்கிறார். சங்கம் பேசி வாங்கிய சம்பள உயர்வு சந்தா கட்டாதவருக்கும் உண்டு. அதோடு முடியவில்லை. அவருக்கு ஒரு பிரச்சினை என்றால் சங்கம் அவருக்காகவும் வாதாட வேண்டும், சந்தா கட்டவில்லை என்பதற்காக மறுத்தால் அது சட்டமீறல்.

என் கண்ணெதிரே நடந்த ஒன்று. விருப்பச் சந்தா காலத்தில், சந்தா கட்டாத ஒரு சக நர்ஸை மேலாளர் அறைக்கு அழைத்தார்கள். மருந்தை ஸ்கேன் செய்யாமல் கொடுத்துவிட்டதாகப் புகார். பிரதிநிதி தன் டூட்டியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்று ஐ.டி. பிரிவுக்குப் போயிருந்த புகார் எண்ணைத் தேடி எடுத்துக் காட்டினார். எழுத்துமூல எச்சரிக்கை அப்படியே கைவிடப்பட்டது. அந்த நர்ஸ் நன்றி சொன்னார், அதன் பிறகும் சேரவில்லை. பிரதிநிதிக்கு வருத்தம்தான். எனக்கும்தான்.

அப்படியானால் கட்டாயம் நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் கட்டாதவருக்கும் வாதாட வேண்டும் என்ற கடமை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1935-இன் வாக்னர் சட்டப்படி, பெரும்பான்மை பெற்ற சங்கம் அந்த இடத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பிரதிநிதி ஆகிவிடுகிறது. வேறு சங்கம் பேச முடியாது, தனியாள் தனக்கென்று தனிச் சம்பளம் பேசவும் முடியாது. அப்படிப்பட்ட தனியதிகாரம் என்ன செய்யும் என்பதை அலபாமாவின் ரயில் எஞ்சின் தொழிலாளி பெஸ்டர் ஸ்டீல் காட்டினார். அவர் கறுப்பர். அவர் பெயரில் பேசும் அதிகாரம் பெற்ற சங்கம் கறுப்பர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. அதோடு, கறுப்பர்களை நல்ல வேலைகளிலிருந்து வெளியேற்ற நிர்வாகத்தோடு ஒப்பந்தமும் போட்டது. 1944-இல் உச்ச நீதிமன்றம், ஒரே பிரதிநிதி என்ற அதிகாரம் வேண்டுமென்றால் எல்லோரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்றது. கடமை பிறந்தது அங்கேதான். அந்தத் தனியதிகாரத்துக்கு ஈடாகச் சங்கம் சுமக்கும் கடமை அது. அதை வைத்து, கேட்காதவரிடம் பணம் கேட்பது எனக்கு ஏற்பாக இல்லை.

நம் ஊரில் ஒரே பஸ் டிப்போவில் தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கம், சி.ஐ.டி.யு. என்று வரிசையாகக் கொடிக்கம்பம் நிற்கும். பிடித்த சங்கத்துக்குச் சந்தா கட்டலாம், பிடிக்கவில்லை என்றால் மாறலாம். அதனால் வரும் பிளவும் தலைவலியும் வேறு கதை. ஆனால் ஒரே கடை, அதிலும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை அங்கே இல்லை. அமெரிக்காவில் ஒரே கடைதான். அதனால்தான் வாங்காமல் இருக்கும் உரிமையாவது வேண்டும் என்கிறேன்.

நடுவழி ஒன்றும் உண்டு. நியூ யார்க் மாநிலம் 2018-இல், சந்தா கட்டாத அரசு ஊழியரின் தனிப்பட்ட பிரச்சினைகள் சிலவற்றில் சங்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. தனியார் துறையிலும் அப்படி வந்தால் இரு தரப்பின் குறையும் பெரும்பாலும் தீரும். கட்டாதவர் தன் வழக்கைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், அல்லது அந்த ஒரு வழக்குக்கு மட்டும் பணம் கட்டட்டும். தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், ரைட் டு ஒர்க் மாநிலங்களில் அப்படிப் பணம் வாங்குவதைக்கூட நெடுங்காலமாகத் தடுத்தே வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் முதலில் மாற வேண்டியது இதுதான்.

என் பக்கத்து வாதத்தைப் பேசுபவர்கள் எல்லோரும் தொழிலாளியின் நண்பர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரைட் டு ஒர்க்கை முன்னே தள்ளியதில் பெரும்பங்கு முதலாளிகளுடைய பணம். தென் மாநிலங்களில் அதன் தொடக்ககாலப் பிரசாரத்தில் நிறவெறி நாற்றம் அடித்தது. மார்ட்டின் லூதர் கிங் அதை வெளிப்படையாக எதிர்த்தார். சங்கங்களுக்கு நஷ்டமும் உண்மை. மிச்சிகனில் சங்க உறுப்பினர் விகிதம் 2012-இல் 16.6 சதவீதம், 2023-இல் 12.8 சதவீதம். நாடு முழுக்கவும் சரிவுதான், 2024-இல் 9.9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அதில் எவ்வளவு இந்தச் சட்டத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சில சங்கங்கள் இதனால் நலிந்திருக்கும். அதை ஒப்புக்கொண்டுதான் விருப்பச் சந்தாவின் பக்கம் நிற்கிறேன்.

சங்கம் அமைக்கும் முறை பற்றியும் சட்ட மாற்றம் கேட்கிறார்கள். இப்போதுள்ளபடி 30 சதவீதம் பேர் ‘சங்கம் வேண்டும்’ என்ற அட்டையில் கையெழுத்திட்டால் வாரியம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். பெரும்பான்மையினர் கையெழுத்திட்டாலே போதும், வாக்கெடுப்பு வேண்டாம் என்பது மாற்று முறை. 2007-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா அதைத்தான் கேட்டது, செனட்டில் முடங்கியது. 2020-இலும் 2021-இலும் பிரதிநிதிகள் சபையைத் தாண்டிய ‘ப்ரோ’ மசோதா, மாநிலங்களின் ரைட் டு ஒர்க் சட்டங்களையும் செல்லாமல் ஆக்கியிருக்கும். அதுவும் செனட்டில் நின்றது. 2023-இல் வாரியம் செமெக்ஸ் வழக்கில், பெரும்பான்மை அட்டை காட்டினால் முதலாளி சங்கத்தை ஏற்க வேண்டும் அல்லது தானே உடனடியாக வாக்கெடுப்பு கேட்க வேண்டும் என்றது.

இதில் என் அனுபவம் குறைவு. நான் சேரும்போதே எங்கள் ஆஸ்பத்திரியில் சங்கம் இருந்தது. ஒரு பிரசாரக் காலத்தை உள்ளே இருந்து பார்த்ததில்லை. இருந்தாலும் ரகசிய வாக்கெடுப்பே நல்லது என்று நினைக்கிறேன். நாளும் கூட வேலை செய்பவர் அட்டையை நீட்டிக்கொண்டு எதிரில் நிற்கும்போது, முடியாது என்று சொல்வது எளிதல்ல. விசாவில் வந்து, யாரையும் பகைத்துக்கொள்ள அஞ்சும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். மேலாளருக்குத் தெரியாமல் ஆதரிக்கவும் வாக்குப்பெட்டிதான் பாதுகாப்பு. டென்னசி ரைட் டு ஒர்க் மாநிலம். அங்கே சட்டனூகா ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2014-இல் 712-க்கு 626 என்று தோற்ற கார்த் தொழிலாளர் சங்கம், 2019-இலும் தோற்று, 2024-இல் 2,628-க்கு 985 என்று ஜெயித்தது. அந்த வெற்றியை யாரும் மிரட்டி வாங்கியதாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் வாக்கெடுப்பு நியாயமாக நடக்க முதலாளிக்குக் கடிவாளம் வேண்டும். சங்கம் சேர்த்தவரைச் சட்டவிரோதமாக வேலையை விட்டு நீக்கினால், வாக்னர் சட்டத்தில் அபராதமே கிடையாது. ஆண்டுகள் கழித்து மீண்டும் வேலை, விட்டுப்போன சம்பளம், அதிலும் இடையில் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டு. அபராதம் விதித்து, வாக்கெடுப்பைச் சில வாரங்களில் முடிக்கும் சட்டம் வந்தால், அட்டை முறைக்கான காரணம் பாதி குறைந்துவிடும்.

சரி, அந்தப் படிவத்துக்கு வருவோம். டெக்சாஸிலோ புளோரிடாவிலோ இருந்தால் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்து, பிரதிநிதியை ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். எனக்குச் சேர்ந்ததுதான் லாபம். மிச்சிகன், இல்லினாய், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்றால், கட்டணப் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா ஒப்பந்தத்திலும் இருக்காது. இருந்தால், முழு உறுப்பினரா, குறைந்த கட்டணமா என்று எழுத்தில் கேட்கலாம். மத நம்பிக்கை காரணமாகச் சங்கத்தை ஆதரிக்க முடியாதவர்கள் அதே தொகையை ஒரு அறக்கட்டளைக்குக் கட்டவும் சட்டத்தில் இடம் உண்டு. 30 சதவீதம் பேர் மனுக் கொடுத்தால், அந்தக் கட்டணப் பிரிவையே நீக்க வாரியம் வாக்கெடுப்பு நடத்தும். சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சம்மதிக்கும் தாள் தனி. அதில் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை திரும்பப் பெற முடியாதபடி எழுதியிருக்கலாம், விலகுவதற்கென்று குறிப்பிட்ட சில நாட்களை மட்டும் கொடுத்திருக்கலாம். அந்தத் தேதிகளை ஒப்பந்த நகலின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.