ரெடிமேட் சேட்டா, தைத்த சேட்டா?

போன தைப்பொங்கலுக்கு மச்சானுக்குச் சேட் எடுக்க யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் போனோம். எல் அளவு போட்டால் வயிற்றடியில் தெறி இழுத்துக்கொண்டு நின்றது. எக்ஸ்எல் போட்டால் வயிறு சரி, ஆனால் தோள் தையல் புயத்தில் இரண்டு அங்குலம் இறங்கிக் கிடந்தது. "இதுதான் அண்ணை இப்பத்தைய ஸ்டைல்" என்றார் கடைத் தம்பி. வாங்கினோம். மச்சான் அதை இரண்டு தரம்தான் போட்டார்.

ரெடிமேட் சேட்டில் பிரச்சினை இந்த இடத்தில்தான். நாற்பது தாண்டிய நம் ஆண்கள் பலருக்குத் தோள் ஓர் அளவு, வயிறு இன்னோர் அளவு. பக்கவாட்டைப் பிடித்துத் தைக்கலாம், கையைக் குறைக்கலாம், இரண்டும் சின்ன வேலை. தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி, கைக்குழியை வெட்டி, திரும்பவும் பூட்ட வேண்டும். நல்ல தையற்காரரே "விடுங்கோ" என்பார். அதனால் ரெடிமேட் எடுத்தால் முதலில் தோளைப் பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் தையல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எவ்வளவு விலைக்கழிவு போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

தைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வயிற்றுக்கு அகலம், தோளுக்கு அளவு, இரண்டையும் ஒரே சேட்டில் வெட்டித் தருவார்கள். 58 அங்குல அகலத் துணியென்றால் நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சேட்டுக்கு 1.6 மீற்றர் போதும். மலிவான ரெடிமேட்டோடு பார்த்தால் செலவு கூடத்தான். பொறுமையும் வேண்டும்: தீபாவளி, நல்லூர்த் திருவிழா நேரங்களில் கொடுத்துவிட்டு நாளைக்கு வேண்டும் என்று நிற்க முடியாது. அவசரக் கலியாணத்துக்கு ரெடிமேட்தான் கைகொடுக்கும், அதை மறுக்கவில்லை.

துணி தெரிவிலும் தைப்பதுதான் முன்னுக்கு நிற்கிறது. ரெடிமேட்டில் இருப்பதைத்தான் எடுக்கலாம், அதில் பொலியெஸ்டர் கலப்பு நிறைய. பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைக்கும், பொலியெஸ்டர் அரைச் சதவீதம்கூட இல்லை. சித்திரை வெயிலில் சைக்கிள் மிதிப்பவருக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். பருத்திக்குச் சுருக்கமும் அயன் வேலையும் உண்டுதான். தினமும் அயன் பண்ண ஆளில்லை என்றால் பருத்தி கூடிய கலப்பை எடுக்கலாம். தனிப் பருத்தி என்றால் தைக்கக் கொடுக்கமுன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள். பிறகு சுருங்கினால் தையற்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நிறத்தில் எனக்கு வெள்ளையும் கடும் நீலமும் பிடிக்கும், வியர்வை இரண்டிலும் பெரிதாகத் தெரியாது. இளநீலமும் சாம்பலும் கமக்கட்டடியில் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் வெள்ளைக்கு எங்கள் கிணறுகள் எதிரி. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரில் கல்சியம் கூட. அது கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத படிவாகி நூலில் ஒட்டுவதால் வெள்ளை மங்கிப் போகிறது. சலவைத் தூளுக்கு இது குறைவு. வெள்ளைச் சேட்டைத் தூளிலேயே தோய்த்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள்.

களிசானுக்கு ரெடிமேட் போதும். இடுப்பும் தொடையும் பிடித்திருந்தால் சரி, அடியை மடித்துத் தைக்க ஒரு தையற்கடை போதும். கோவில் வேட்டி இந்தக் கணக்கிலேயே வராது. நல்லூரில் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போகிறோம்.

என் முடிவு: வருடத்துக்கு ஐந்து ரெடிமேட் எடுப்பவர் அந்தக் காசுக்கு மூன்று தையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே சரியாக நிற்கும் சேட் ஒன்று இருக்கும். தோய்த்து அயன் பண்ணி, அதையே அளவுச் சேட்டாகக் கொண்டுபோங்கள். முதலில் ஒன்றை மட்டும் தைக்கக் கொடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் கொடுங்கள்.