யுவி பெட்டியும் அந்த 12 நிமிடமும்

பல் இம்பிளாண்ட்டை (தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியம் திருகு) பொருத்தும் முன் 12 நிமிடம் யுவி (புற ஊதா) ஒளியில் வைத்தெடுக்கும் பெட்டியின் விலை இறங்கிவிட்டது, இப்போது வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சில வருடம் தொடர்ந்து பயன்படுத்தியதை வைத்துச் சொல்கிறேன்.

வேலை செய்கிறதா? செய்கிறது. டைட்டானியம் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 4 வாரம் ஆன பரப்பிலேயே தண்ணீர் முத்தாக நிற்கும். யுவி அந்தக் கார்பன் படலத்தை நீக்கியதும் துளி பரவி மறைந்துவிடும். இம்பிளாண்ட்டின் நுனி துளையைத் தொட்டவுடன் ரத்தம் மரைகளில் (திருகுப் பள்ளங்களில்) தானாக மேலே ஏறுவதை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் தகஹிரோ ஒகாவா குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு ஒட்டிய பரப்பு சுமார் 55 சதவீதத்திலிருந்து 98ஐ நெருங்கியது. ஆனால் அது எலித் தொடை எலும்பு. அந்த எண்ணை அப்படியே நோயாளியிடம் சொல்வது தவறு.

எரிச்சல் முழுக்க அந்த 12 நிமிடத்தில்தான். யுவி பிளாஸ்டிக் குப்பியை ஊடுருவாது. இம்பிளாண்ட்டை வெளியே எடுத்துத்தான் வைக்க வேண்டும். எப்போது எடுப்பது? மேல்தாடைக் கடைவாய்ப் பகுதியில் எலும்பு எவ்வளவு மெத்து என்பது கடைசி டிரில் இறங்கும்போதுதான் கைக்குத் தெரியும். முன்பே 4.0 மி.மீ. விட்டமுள்ளதைப் பிரித்து வைத்து, பிறகு 4.5 தேவைப்பட்டால் பிரித்தது வீண். கடைசி டிரில் முடிந்தபின் பிரித்தால், துளையில் காஸ் துணி வைத்து, ஈறு மடல் திறந்தபடி 12 நிமிடம் காத்திருக்க வேண்டும். மரப்பு ஊசியின் வேகம் இறங்கிக்கொண்டிருக்கும். இதற்கு நல்ல வழி கிடையாது. கெட்டியான கீழ்த்தாடையில் முன்பே பிரிக்கலாம், மெத்தான எலும்பில் காத்திருக்கத்தான் வேண்டும். கோபம் வருவது இதில்தான்: யுவியால் அதிகப் பலன் கிடைப்பதும் அந்த மெத்தான எலும்பில்தானே!

முதல் நாள் மாலையே பெட்டியில் போட்டு வைக்கலாமே என்பவர்களுக்கு: வெளியே எடுத்த பரப்பு மறுபடி கார்பனைப் பிடிக்கத் தொடங்கிவிடும். ஸ்டெரிலிட்டியும் போய்விடும்.

பிடிப்பான் அடுத்த தலைவலி. ஒவ்வொரு இம்பிளாண்ட் வகைக்கும் தனி அடாப்டர் வேண்டும். பொருந்தாததைப் படுக்க வைத்தால் கீழ்ப்பக்கம் நிழலில் நின்றுவிடும். ஒளி நேராகப் படாத இடத்தில் பலன் இல்லை. விளக்கு எரிகிறதே என்று நம்பியிருக்கவும் கூடாது. வெளிச்சம் தெரியும்போதே யுவி அளவு குறைந்திருக்கும். விளக்கு எரிந்த மணிக்கணக்கை எழுதி வைத்து மாற்றுங்கள். மாதம் ஒருமுறை பழைய டைட்டானியம் தகடு ஒன்றை உள்ளே வைத்தெடுத்து ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவாமல் நின்றால் விளக்கு முடிந்தது. கையுறை மரையில் பட்டாலும் அந்த இடம் கெட்டது.

ஐஎஸ்க்யூ (இம்பிளாண்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதன் அளவு) பற்றி: போடும்போதே 70ஐத் தாண்டிய இடங்களில் வித்தியாசம் தெரியவில்லை. 60ஐ ஒட்டித் தொடங்கியவற்றில் 3, 4ஆம் வார இறக்கம் குறைவாக இருக்கிறது. அதனால் மெத்தான எலும்பில் இதை விடப்போவதில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: விலை இறங்கியதற்காக வாங்காதீர்கள். 172 நானோமீட்டர் அலைநீள யுவி தரும் எக்ஸைமர் விளக்கில் 1 நிமிடமே போதும் என்று ஒகாவா குழுவே காட்டிவிட்டது. கடைசி டிரிலுக்குப் பிறகு அளவை முடிவு செய்து, அப்போது பிரித்தாலும் தாமதமாகாது. காசு கொஞ்சம் சேரட்டும், அந்த வகையை வாங்குங்கள்.